பெயர் கூப்பிடும் வேளை

தொடக்கப்பள்ளி ஆசிரியரைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டே தடங்களில் நடக்கின்றன. ஒன்றில் அவர் தெய்வம். ஏழைச் சிறுவனின் தலையைத் தடவிக்கொடுத்து, தம் சொந்தப் பணத்தில் நோட்டு வாங்கித் தந்து, பின்னாளில் மாவட்ட ஆட்சியராகத் திரும்பிவரும் அவனால் வணங்கப்படுபவர். மற்றொன்றில் அவர் வெறும் பிரம்பு. ஆசிரியர் நாளையொட்டி வெளிவரும் மலர்களில் முதல்வகை மிகுதி. தன்வரலாறுகளில் இரண்டாம் வகை மிகுதி. காலையில் வந்து பூட்டைத் திறந்து, தண்ணீர்த்தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து, வாய்ப்பாடு சொல்லவைத்து, மூக்குச் சிந்திவிட்டு, பதிவேடுகளை நிரப்பி, மாலையில் பேருந்து பிடித்து வீடு திரும்பும் ஒரு மனிதரை இவ்விரண்டுக்கும் நடுவே தேடினால் அவர் எளிதில் அகப்படுவதில்லை.

ஆசிரியப் பணியிலுள்ள அன்பர் சிலர் பள்ளிக்கூடத்தைப் பற்றிய நல்ல நூல்களைச் சுட்டுமாறு நம்மைக் கேட்டதுண்டு. அவர்களுக்காக நான்கு நூல்களை மீண்டும் எடுத்துப் படித்தோம். கிஜுபாய் பதேக்கா குஜராத்தியில் எழுதிய ‘பகல் கனவு’, தெத்சுகோ குரோயநாகியின் ‘டோட்டோ-சான்’, இத்தாலியின் பர்பியானா மாணவர்கள் ஓர் ஆசிரியைக்கு எழுதிய நீண்ட கடிதம், நமது மாவட்டத்தைச் சேர்ந்த பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ ஆகியவை அவை. கடைசி நூலில் பள்ளிக்கூடமே பெரிதாக இல்லையே என்று வாசகர் கேட்கலாம். அதனாலேயே அதைச் சேர்த்தோம்.

நூல்களுக்குள் புகுமுன் எந்த இடத்தில் அமர்ந்து அவற்றைப் படித்தோம் என்பதையும் கூறிவிடுதல் நலம். சேந்தமங்கலம் கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகள் ஏறினால் மலை. அங்கே மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். இச்சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டதே. கீழே சமவெளியில் மரவள்ளிக்கிழங்கு, கோழிப்பண்ணை, லாரி. பண்ணை வேலைக்கென வடமாநிலங்களிலிருந்து வந்து தங்கியுள்ள குடும்பங்களும் உண்டு. ஆகவே ஒரே வகுப்பறையில் மலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளையும், உழவர் வீட்டுப் பிள்ளையும், தமிழ் அறியாத தாய் தந்தையரின் பிள்ளையும் அருகருகே அமர்ந்திருக்கக்கூடிய நிலப்பகுதி இது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்று கணக்கு வகுத்துள்ளது. வகுப்புகளோ ஐந்து. பெரும்பாலும் முதல் மூன்று வகுப்புகளை ஒருவரும், நான்கையும் ஐந்தையும் மற்றவரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றுவிட்டால் ஐந்து வகுப்புகளும் ஒருவர் முகத்தையே பார்த்து அமர்ந்திருக்கும். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கச் சொல்கிறது. பெயர்கள் அழகானவை. ஆனால் ஒரே அறையில் மூன்று வகுப்பு, வகுப்புக்கு மூன்று நிலை என்று பெருக்கிப் பார்த்தால் அந்த ஆசிரியை ஒரு நாழிகையில் எத்தனை முகமாகத் திரும்பவேண்டும் என்பது விளங்கும். 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு உண்டு. நண்பகலில் சத்துணவு, முட்டையுடன். முட்டைக்கு நாமக்கல் வட்டாரமே தாயகம் என்பதால் அதில் நமக்குச் சிறிது பெருமையும் உண்டு. இவ்வளவுக்கும் கணக்கு எழுதியாக வேண்டும், தாளிலும் செல்பேசியிலும்.

இந்த நாளின் தொடக்கத்தில் ஒரு சிறு சடங்கு நிகழ்கிறது. ஆசிரியர் பெயர் கூப்பிடுகிறார். பிள்ளைகள் ‘உள்ளேன் ஐயா’, ‘உள்ளேன் டீச்சர்’ என்கிறார்கள். வராத பிள்ளையின் பெயர் வரும்போது ஒரு நொடி அமைதி. பிறகு பக்கத்துப் பிள்ளைகள் விடை சொல்லத் தொடங்குகிறார்கள். “அவன் ஆடு மேய்க்கப் போயிட்டான் டீச்சர்.” “அவ தங்கச்சியப் பாத்துக்கறா.” “அவங்க ஊட்டுல எல்லாரும் கெழங்கு வெட்டப் போயிட்டாங்க.” “அவனுக்குச் சட்டை தோச்சது காயலீங்க டீச்சர்.” பதிவேட்டில் இவற்றுள் எதற்கும் கட்டம் கிடையாது, வந்தால் ஒரு குறி, வராவிட்டால் ஒரு குறி. வகுப்பறையின் சமூகவியல், பொருளியல், குடும்ப வரலாறு யாவும் அந்த ஒரு நொடியில் பிள்ளைகளின் வாயிலாக வெளிப்பட்டு, எழுதப்படாமல் மறைந்துவிடுகின்றன. அதைக் கேட்டவர் ஆசிரியர் ஒருவரே.

பள்ளிக்கூடத்தைப் பற்றிய நூலொன்றை மதிப்பிட நாம் கைக்கொள்ளும் உரைகல் இதுதான். அந்நூல் பெயர் கூப்பிடுகிறதா? வந்திருக்கும் பிள்ளையை எவ்வளவு அழகாகக் காட்டுகிறது என்பது இரண்டாவது கேள்வி. வராத பிள்ளையைக் காண்கிறதா என்பதே முதற்கேள்வி.

பகல் கனவை முதலில் எடுத்துக்கொள்வோம். கிஜுபாய் (1885–1939) வழக்கறிஞராக இருந்தவர். மாண்டிசோரி அம்மையாரின் நெறியில் ஈடுபட்டு 1920இல் பவநகரில் குழந்தைகள் பள்ளியைத் தொடங்கியவர். குஜராத்தில் அவரை ‘மீசை வைத்த அம்மா’ என்று அன்போடு அழைத்தனர். 1931இல் வெளிவந்த இந்நூல் கதையாகச் சொல்லப்பட்ட கல்விநூல். ஓர் ஆசிரியன் கல்வி அதிகாரியிடம் சென்று, நான்காம் வகுப்பை ஓராண்டு தன்னிடம் விடுமாறு கேட்டுப் பெறுகிறான். தமிழாக்கம் பலமுறை அச்சேறி, ஆசிரியர் வட்டங்களில் மிகுதியாகப் படிக்கப்படுகிறது.

இந்நூலில் நாம் மிக உயர்வாக மதிப்பது அதன் வெற்றிகளை அன்று, முதல் நாளின் தோல்வியை. இரவெல்லாம் திட்டம் தீட்டி வந்த ஆசிரியன் பிள்ளைகளை அமைதியாய் அமரச் சொல்லி, ஒலிகளை உற்றுக் கேட்கும் விளையாட்டைத் தொடங்குகிறான். பிள்ளைகளோ ஒன்றும் புரியாமல் கூச்சலிட்டுத் தீர்க்கிறார்கள். நூலில் படித்த நெறிமுறை நான்காம் வகுப்பின் நாற்புறச் சுவருக்குள் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து முதன்முதலாக வகுப்புக்குள் சென்ற எவரும் இப்பக்கங்களைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. அந்தச் சிரிப்பில் தன் கதையும் கலந்திருக்கும். மறுநாள் அவன் கதை சொல்லத் தொடங்குகிறான். வகுப்பு அவன் வசமாகிறது. கிஜுபாயின் நேர்மை இங்கே தெரிகிறது. கொள்கை தோற்ற இடத்தில் கதை வென்றது என்பதை மறைக்காமல் எழுதுகிறார், தாமே கொள்கையாளராய் இருந்தும்.

பாடநூல் வாங்கும் பணத்தைச் சேர்த்து வகுப்புக்கு ஒரு நூலகம் அமைக்கும் பகுதியும் அருமையானது. பெற்றோர் அதை ஐயத்தோடு நோக்குவதும், தூய்மை பற்றிய அவன் பேச்சைப் பிற ஆசிரியர்கள் நகையாடுவதும் உயிரோட்டமாக வந்துள்ளன.

ஆனால் நமது கேள்விக்கு வருவோம். இந்த ஆசிரியனுக்கு ஒரே வகுப்பு. அதிகாரியின் ஆதரவு கையிலே. ஓராண்டு முடிந்தபின் அவன் அதே பள்ளியில் முப்பது ஆண்டு கிடந்து உழலவேண்டிய கட்டாயமும் இல்லை. அவனைப் பார்த்து நகைக்கும் சக ஆசிரியர்கள் நூலில் சற்றே சிறுமையாகத் தோன்றுகிறார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்துக்குப் போதிய இடம் தரப்படவில்லை. முடிக்கவேண்டிய பாடப்பகுதி, ஆய்வாளர் வருகை, மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பம் ஆகியவற்றோடு வாழ்பவன் சோதனைக்கென வந்தவனை எப்படிப் பார்ப்பான்? மேலும், இந்தக் கதையின் ஆசிரியன் வந்திருக்கும் பிள்ளைகளை மலரச் செய்வதிலேயே முனைந்திருக்கிறான். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பது அவனது முதற்கவலையாக எங்கும் எழவில்லை. நூலின் பெயரிலேயே அதன் எல்லையை ஆசிரியர் குறித்துவிட்டார் என்று கொள்ளலாம். கனவு காண்பவனிடம் வருகைப் பதிவேட்டைக் கேட்பது முறையன்று என்று வாசகர் சிலர் நம்மோடு வழக்காடக்கூடும். வழக்கை ஏற்கிறோம். ஆயினும் அந்தக் கனவைத் தம் ஈராசிரியர் பள்ளிக்கு எடுத்துச்செல்ல முயன்று, முடியாமல் போகும்போது குறை தம்மிடமே என்று மனம் உடையும் இளம் ஆசிரியைகள் உளர். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறோம்.

டோட்டோ-சான் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் படித்து மகிழாதார் அரியர். 1981இல் ஜப்பானில் வெளிவந்த நினைவுநூல். பயன்பாட்டிலிருந்து நீங்கிய இரயில் பெட்டிகளில் நடந்த தோமோயே பள்ளி, கடலிலிருந்து கொஞ்சமும் மலையிலிருந்து கொஞ்சமுமாக அமையவேண்டிய நண்பகல் உணவு, புதிதாக வந்த சிறுமியின் பேச்சை நான்கு மணி நேரம் இமை சோராமல் கேட்ட தலைமையாசிரியர் கொபயாஷி, இவற்றை யார் மறப்பார்? 1945இல் குண்டுவீச்சில் பள்ளி எரிந்துபோகும் இடத்தில் நம் நெஞ்சும் கனக்கிறது. நீக்கப்பட்ட பிள்ளையை ஏற்றுக்கொண்ட பள்ளி என்ற வகையில் இந்நூல் நமது உரைகல்லில் நன்றாகவே மின்னுகிறது.

ஒரே ஒரு உறுத்தல். டோட்டோ-சானை முதலில் நீக்கிய பள்ளியின் இளம் ஆசிரியை நினைவிருக்கிறாரா? மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடுகிறாள், சன்னலருகே நின்று தெருப்பாடகர்களைக் கூப்பிடுகிறாள் என்று தாயிடம் முறையிடுபவர். அவருக்குப் பெயர் இல்லை. நாம் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தோமோயேவுக்குச் சென்றுவிடுகிறோம். அவர் முன்னால் இருந்த பிற பிள்ளைகளைப் பற்றி நூல் ஒன்றும் சொல்வதில்லை. தோமோயேவில் பயின்றவர்கள் மொத்தமே ஐம்பது பேரளவில்தான். பெயரற்ற அந்த ஆசிரியையின் இடத்தில் நமது ஊர்ப்பக்கத்து ஆசிரியை ஒருவரை அமர்த்திப் பார்த்தோம்; சிரிப்பு நின்றுவிட்டது.

பர்பியானாவின் கடிதத்திலும் ஆசிரியைக்குப் பெயரில்லை. ஆனால் அங்கே நிலைமை வேறு.

அருட்தந்தை லொரென்சோ மிலானியைப் பற்றி இவ்விதழின் வாசகருக்குச் சிறிது சொல்ல வேண்டும். 1923இல் புளோரன்சில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். சமயப்பற்று இல்லாத வீட்டில் வளர்ந்து, இளமையில் மனம் திரும்பி, 1947இல் குருவானவர். 1954 டிசம்பரில் மலைமேல் ஒதுக்குப்புறமாகக் கிடந்த பர்பியானா என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். சாலை இல்லை, மின்சாரம் இல்லை. சிதறிக் கிடந்த சில வீடுகளுக்கு ஒரு பங்கு. அவரை மேலிடத்தார் ஒதுக்கிவைத்த இடம் என்றே பலரும் கருதினர். வந்த மறுநாளே அவர் அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் தமக்கொரு குழியிடத்தை வாங்கினார் என்பது புகழ்பெற்ற செய்தி. இங்கேதான் இருப்பேன் என்பதை அதைவிடத் தெளிவாக மக்களுக்குச் சொல்ல முடியாது. பள்ளியிலிருந்து உதிர்ந்த குடியானவப் பிள்ளைகளைத் திரட்டித் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தினார். விடுமுறை கிடையாது, பெரியவன் சின்னவனுக்குச் சொல்லித்தருவான். நமது திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறையும் இதற்கு உறவுதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட்ரூ பெல் அதைச் சென்னையில் கண்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே. மிலானியின் மேய்ப்புப்பணி அனுபவங்கள் பற்றிய நூல் 1958இல் திருப்பீடத்தின் ஆணையால் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2017 ஜூன் 20 அன்று பர்பியானாவுக்குச் சென்று அவரது கல்லறையருகே மன்றாடினார். இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்.

கடிதம் 1967 மே மாதம் வெளிவந்தது. அடுத்த மாதம் 26ஆம் நாள் மிலானி நோயால் இறந்தார், 44 வயதில். எழுதியவர்கள் அவருடைய மாணவர் எண்மர். தேர்வில் தங்களைத் தோல்வியுறச் செய்த ஆசிரியையை நோக்கி அவர்கள் பேசுகிறார்கள். சினத்தோடு பேசுகிறார்கள், ஆனால் சினத்தைக் கணக்காக மாற்றுகிறார்கள் என்பதே அந்நூலின் தனிச்சிறப்பு. ஒரு வகுப்பைத் தொடக்கம் முதல் ஆண்டுதோறும் பின்தொடர்ந்து, யார் யார் உதிர்ந்தார்கள், அவர்களுடைய தந்தையர் என்ன தொழில் செய்தார்கள் என்று எண்ணுகிறார்கள். அங்கேதான் நம்மை உலுக்கிய ஒரு கண்டுபிடிப்பு வருகிறது. ஆண்டு இறுதியில் சிலர் தோற்று விலகுகிறார்கள். மறு ஆண்டு மேல்வகுப்பில் ஏற்கெனவே தோற்றவர்கள் வந்து அந்த இடங்களை நிரப்புகிறார்கள். ஆகவே ஆசிரியையின் கண்ணுக்கு வகுப்பு எப்போதும் நிறைந்தே தெரிகிறது. உதிர்வு அவருக்குத் தெரியாமல் போவது கல்நெஞ்சால் அன்று. பெஞ்சுகள் காலியாக இல்லாமையால்.

பெயர் கூப்பிடும் நூல் என்று நாம் முன்னர்ச் சொன்னது இதைத்தான். எளிய வீட்டு ஜியன்னி, மருத்துவர் மகன் பியெரினோ என்று இரு சிறுவர்களை அவர்கள் நிறுத்துகிறார்கள். பியெரினோ பள்ளிக்கு வரும்போதே எழுதப் படிக்கத் தெரிந்து வருகிறான். அவனுக்குப் பள்ளி ஏற்ற இடம். ஜியன்னிக்குப் பள்ளியின் மொழியே அயல்மொழி. இருவருக்கும் ஒரே வினாத்தாள். இது நேர்மை என்று ஆசிரியை எண்ணுகிறார். அநீதி என்று மாணவர்கள் மெய்ப்பிக்கிறார்கள்.

குறையும் உண்டு. கடிதத்துக்கு ஆசிரியை விடையளிக்க வாய்ப்பில்லை. அவருக்குச் சம்பளமும் விடுமுறையும் உண்டு என்று திரும்பத் திரும்பக் குத்திக்காட்டுகிறார்கள். வீட்டில் அவருக்கு என்ன இருந்தது என்று ஒரு வரியிலும் கேட்கவில்லை. பர்பியானாவின் பள்ளியும் மென்மையான இடமன்று. மிகவும் நெருக்கடியான வேளைகளில் கசையும் பயன்பட்டதை மாணவர்களே ஒளிக்காமல் எழுதியுள்ளனர். உடல் தண்டனையைச் சட்டமே விலக்கிவிட்ட நாட்டில் இருந்து படிக்கும் நமக்கு அது கசக்கிறது. மிலானியின் பெருமையைப் பேசுவோர் இதை விழுங்கிவிடுவதும் நன்றன்று. திருமணமும் குடும்பமும் இல்லாத ஒரு குரு ஆண்டின் எல்லா நாளும் பள்ளி நடத்தலாம். அந்த அளவுகோலை இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒருவர்மீது வைப்பது எங்ஙனம்?

இக்கடிதம் நமக்குத் தொலைவான செய்தியன்று என்பதற்கு ஒரு சான்று. 2019இல் தமிழகத்தில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. பெற்றோரும் ஆசிரியர் அமைப்புகளும் எதிர்க்க, 2020 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. அந்த மாதங்களில் நடந்த விவாதங்களில் தரம் என்ற சொல் ஓயாமல் ஒலித்தது. பத்து வயதில் தோற்கும் பிள்ளை அடுத்த நாள் காலையில் எங்கே இருக்கும் என்று கேட்டவர் சிலரே. பர்பியானாவின் எண்மர் அந்தக் கேள்விக்கு 1967லேயே விடை எழுதிவிட்டனர். ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். எல்லாரையும் தேர்ச்சி பெறச் செய்வதனால் மட்டும் ஜியன்னி பிழைத்துவிடுவதில்லை. தோற்கடிக்க வேண்டா என்று சொன்ன அதே மாணவர்கள், பின்தங்குவோர்க்கு முழுநாள் பள்ளி வேண்டும் என்றும் கேட்டனர். நாம் முதற்பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை ஈராசிரியர் பள்ளியின் தோளில் ஏற்றிவிட்டோம்.

இனி ‘கூளமாதாரி’. 2000இல் வெளிவந்த இப்புதினத்தின் நிலம் நமது கொங்குச் சமவெளி. மேட்டுக்காடு, பனை, கிணறு, ஆட்டுப்பட்டி. கவுண்டர் பண்ணையத்தில் ஆண்டுக்கூலிக்கு விடப்பட்ட அருந்ததியச் சிறுவன் கூளையன் ஆடு மேய்க்கிறான். அவனைப்போன்றே பிற பண்ணையங்களில் விடப்பட்ட சிறுவர் சிறுமியரோடு அவன் விளையாட்டும் பசியும் அச்சமுமாய் நாட்கள் கழிகின்றன. இந்நூலைச் சாதியக் கொடுமையின் ஆவணம் என்றும், வட்டார வழக்கின் அருஞ்செல்வம் என்றும் திறனாய்வாளர் பாராட்டியுள்ளனர். இரண்டும் உண்மை. அதைத் தொடக்கப்பள்ளியைப் பற்றிய நூலாகப் படித்தவர் உளரா என்பது தெரியவில்லை. நமக்கு அது அப்படித்தான் தோன்றிற்று.

ஏனெனில் பண்ணைக்காரர் மகன் செல்வன் பள்ளிக்குப் போகிறான். கூளையனுக்கும் அவனுக்கும் வயது நெருக்கம். இரவில் பட்டிக்குக் காவலாக இருவரும் காட்டில் படுத்திருக்கும் பகுதிகளில் அவர்கள் ஏறக்குறைய நண்பர்கள். பொழுது விடிந்தால் ஒருவன் எசமான், மற்றவன் ஆள். ஜியன்னியும் பியெரினோவும் ஒரு வகுப்பில் ஒன்றாக அமர்ந்தாவது இருந்தார்கள். கூளையனின் பெயரைக் கூப்பிடும் பதிவேடே கிடையாது. நூலாசிரியர் இதைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றுவதில்லை. பள்ளி என்பது செல்வன் போய்வரும் ஏதோ ஓர் இடம், அவ்வளவே. காட்டிலிருந்து பார்த்தால் பள்ளி அப்படித்தான் தெரியும். உள்ளே அமர்ந்து எழுதப்பட்ட எந்த நூலாலும் இந்தக் கோணத்தைத் தர முடியாது.

1953இல் இராஜாஜியின் அரசு கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டம் இங்கே நினைவுக்கு வருகிறது. நாட்டுப்புறப் பள்ளிகளில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் படிப்பு. மிச்ச நேரத்தில் தந்தையின் தொழில். மறு ஆண்டே காமராசர் அதை நீக்கினார். அத்திட்டத்தை இன்றும் நல்லெண்ணத்தில் பிறந்த பிழை என்று கருதுவோர் உளர். அவர்கள் இப்புதினத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். தந்தையின் தொழில் என்ற சொல்லுக்குள் எவை எவை அடங்கும் என்று கூளையன் சொல்வான். காணாமற்போன ஆட்டை ஆயன் தோள்மேல் சுமந்து மகிழ்வோடு திரும்பும் உவமையைக் கோவிலில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். ஆடு ஒன்று தவறிவிட்டால் முதுகு என்னாகும் என்ற அச்சத்தோடு நாளெல்லாம் நடக்கும் சிறுவன் அந்த உவமையை எப்படிக் கேட்பான்?

பெருமாள்முருகனின் நூலிலும் நமக்கொரு மனக்குறை எஞ்சுகிறது. நூலின் குறை அன்று, இலக்கியத்தின் குறை. கூளையனைப் பற்றிப் புதினம் வந்துவிட்டது. செல்வன் போய்வந்த பள்ளியின் வாத்தியாரைப் பற்றி, அதே நிலத்தில், அதே துல்லியத்தோடு ஒன்றும் வரவில்லை. அவர் கூளையனை நாள்தோறும் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும்போது பார்த்திருப்பார். அவன் தந்தையிடம் ஒருமுறையேனும் பேசினாரா? பண்ணைக்காரரிடம் பேச அஞ்சினாரா? பேசிவிட்டு இடமாற்றம் பெற்றாரா? இவை கதைக்கான ஊகங்கள் மட்டுமல்ல. இம்மாவட்டத்தின் பழைய ஆசிரியர்கள் பலருக்கு இவற்றுக்கு விடை தெரியும். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளைகூடச் சிறிது காலம் தொடக்கப்பள்ளி ஆசிரியராய் இருந்தவர்தான். ஆயினும் பள்ளியறை நம் பகுதியின் எழுத்தில் பெரிதாக இடம்பெறவில்லை. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ தமிழில் ஆசிரியர் ஒருவரின் குரலிலேயே சொல்லப்பட்டுப் பல்லாயிரவரை அடைந்த கதை. ஆனால் அது உயர்நிலைப் பள்ளியின் கதை, அதுவும் ஒரு மரணத்தின் கதை. சாவு நேர்ந்தால்தான் வகுப்பறை இலக்கியமாகும் என்றில்லை. சட்டை காயாததால் வராமற்போன பிள்ளையும் இலக்கியத்துக்குப் போதும்.

எழுத வேண்டியவர்கள் ஆசிரியர்களே. “எழுத எங்களுக்கு எங்கே ஃபாதர் நேரம்?” என்பார்கள், நியாயமே. பதிவேடுகளை எழுதியே கை ஓய்ந்தவர்களிடம் இன்னொன்றை எழுதச் சொல்வது கொடுமையாகவும் தோன்றலாம். தனியாக எழுதும்போது தம்மைத் தெய்வமாக்கிக்கொள்ளும் ஆபத்தும், மேலதிகாரியை எண்ணி அடக்கி வாசிக்கும் ஆபத்தும் உண்டு. ஆசிரியர்களின் கட்டுரைத் தொகுப்புகள் சிலவற்றைப் படித்தபோது இவ்விரண்டையும் கண்டோம். ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு முரட்டுப் பையன் வருகிறான். ஆசிரியர் அன்பு காட்டுகிறார். மூன்றாம் பக்கத்தில் அவன் திருந்திவிடுகிறான். மூன்று பக்கத்தில் திருந்தாத பையன்களையும் நாம் அறிவோம். அவர்கள் எங்கே போனார்கள்?

இங்கே பர்பியானாவின் எண்மர் கையாண்ட முறை உதவும் என்று நினைக்கிறோம். அவர்கள் கடிதத்தை ஏறத்தாழ ஓராண்டு எழுதினார்கள். ஒருவரும் தனியாக எழுதவில்லை. ஒவ்வொருவனும் சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தான். தோன்றியதைத் தோன்றியபோதே குறித்துக்கொண்டான். ஒரு தாளில் ஒரே கருத்து. பிறகு எல்லாத் தாள்களையும் ஒரு பெரிய மேசைமேல் பரப்பி, இருமுறை வந்ததை நீக்கி, உறவுடையவற்றை ஒன்றாகக் குவித்து, குவியலை இயலாக்கி, வரிசை மாற்றி, மிகையான சொற்களை ஒவ்வொன்றாக வெட்டினார்கள். அழகாக எழுத வேண்டும் என்ற கவலையே அவர்களுக்கு இல்லை. உண்மை விடுபடக்கூடாது என்பதே கவலை. எழுத்தாளர் யாரும் அவர்களுள் இல்லை. ஆனால் கடிதம் பல மொழிகளில் சென்றது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் குறுவள மையக் கூட்டங்களில் அவ்வப்போது ஒன்றாக அமர்கிறார்கள். பயிற்சிக் கட்டகம் முடிந்து, தேநீர் வந்து, வருகைக் கையொப்பம் இட்ட பிறகு அரை மணி நேரம் எஞ்சுவதுண்டு. ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் போதும். அந்த வாரம் பெயர் கூப்பிட்டபோது பக்கத்துப் பிள்ளைகள் சொன்ன விடைகளை, பிள்ளையின் பெயரை மாற்றி, சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதலாம். சேந்தமங்கலம் வட்டாரத்தில் யாரேனும் இதைத் தொடங்கினால், தாள்களைப் பரப்ப ஒரு பெரிய மேசைக்கு நாம் ஏற்பாடு செய்கிறோம்.